கொய்னாவா, ஆர்ட்டிமிசினினா?

மலேரியாவுக்குத் தாவரங்கள் தந்த பெரிய மருந்துகள் இரண்டு. மூத்தது கொய்னா. 1820இல் பெல்லெட்டியர், காவென்டூ என்ற பிரெஞ்சுக்காரர்கள் சின்கோனாப் பட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். கசப்போ சகிக்காது, காது இரையும், ரத்தச் சர்க்கரையும் இறங்கும்.

ஆர்ட்டிமிசினின் கதைதான் சுவையானது. சீனாவில் தூ யூயூ குழுவினர் மூலிகைச் சாறுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, ஆர்ட்டிமிசினினைத் தரும் ஆர்ட்டிமிசியா என்ற செடி ஒரு முறை பலித்தது, மறுமுறை பொய்த்தது. 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் அதை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னாரே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற தூ, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தால் சாறு இறக்கினார். 1971இல் அது எலிகளின் மலேரியா ஒட்டுண்ணியை அடியோடு ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தாமே உட்கொண்டும் பார்த்தார்!

நேருக்கு நேர் நிறுத்தினால்? கடும் மலேரியா பற்றி ஆசியாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கொய்னா பெற்றவர்களில் 22 சதவீதத்தினர் இறந்தனர். ஆர்ட்டிமிசினின் வழிவந்த ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றவர்களில் 15 சதவீதத்தினர். என் ஓட்டு ஊசிக்கே. ஆனால் அது உடலில் சில மணி நேரமே தங்கும். துணை மருந்து சேர்க்காவிட்டால் காய்ச்சல் திரும்பிவிடும். தென்கிழக்கு ஆசியாவின் மெகாங் ஆற்றுப் பகுதியில் ஒட்டுண்ணி அதையும் ஓரளவு தாங்கப் பழகிவிட்டது. ஊசி கிடைக்காத இடத்தில் கொய்னாவுக்கு இன்னும் வேலை இருக்கிறது.