அரசியல் தொடர்பாடலா, பின்காலனிய இலக்கியமா: ஆய்வுக்கு எதை எடுப்பது?

அரசியல் செய்திகள் மக்களை எப்படி அடைகின்றன, அவர்களை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்வது அரசியல் தொடர்பாடல். காலனி ஆட்சியையும் அதன் விளைவுகளையும் பேசும் எழுத்தை ஆராய்வது பின்காலனிய இலக்கியம். இரண்டு துறையும் பிடித்திருந்தது, ஒன்றைத்தான் எடுக்க முடியும். முனைவர் பட்டத்துக்கு நான் பின்காலனிய இலக்கியத்தை எடுத்தேன். அதே இடத்தில் நிற்பவர்களுக்கு உதவும் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தெரிந்த வேறுபாடுகளில் நேரம் செலவழிக்க வேண்டாம். முதலாவதற்குப் புள்ளியியல் வேண்டும், இரண்டாவதற்கு நிதானமான வாசிப்பு வேண்டும். வேலை என்று பார்த்தால் அரசியல் தொடர்பாடல் படித்தவருக்கு ஊடகம், கருத்துக்கணிப்பு, தேர்தல் ஆலோசனை என்று வழிகள் அதிகம். அதில் மறுபேச்சே இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. ஆய்வுக்கு எடுக்கும் மூலப்பொருள் பத்து வருடம் கழித்தும் கிடைக்குமா? இன்னொருவர் அதைப் பார்த்து, நான் சொன்னது சரியா தவறா என்று சோதிக்க முடியுமா?

அரசியல் தொடர்பாடலின் பழைய ஆய்வுகள் இதில் தேறிவிடும். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்காம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஊடக ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் என்ற அமெரிக்க ஊரில், இன்னும் மனம் முடிவாகாத 100 வாக்காளர்களிடம் எது முக்கியமான பிரச்சினை என்று கேட்டார்கள். செய்திகளில் எதற்கு அதிக இடம் கிடைத்தது என்பதோடு அந்தப் பதில்களை ஒப்பிட்டு 1972இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் வழியில் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்திருக்கின்றன. செய்தித்தாள் நூலகத்தில் இருக்கிறது, கேள்வியும் எளிது. யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம்.

அரசியல் பேச்சு சமூக ஊடகத்துக்குப் போன பிறகுதான் சிக்கல். ட்விட்டர் பதிவுகளைத் திரட்டிய ஆய்வாளர் அவற்றின் உரையை மொத்தமாக வெளியிட முடியாது, பதிவு எண்களின் பட்டியலைத்தான் தரலாம். அடுத்தவர் அந்த எண்களைக் கொண்டு உரையைத் திரும்ப இறக்கிக்கொள்ள வேண்டும். இடையில் பதிவை அழித்திருந்தாலோ கணக்கை முடக்கியிருந்தாலோ வெறும் எண்தான் மிஞ்சும். வெறுப்புப் பேச்சையும் பொய்ச் செய்தியையும் ஆராய்பவருக்கு இது பெரிய அடி, ஏனென்றால் முதலில் காணாமல் போவது அவைதான். 2023இல் ட்விட்டர் தரவை ஆய்வாளர்கள் இலவசமாக எடுக்கும் வழியும் நின்றது. ஃபேஸ்புக் பதிவுகளைப் பின்தொடர உதவிய கிரௌட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் ஆய்வாளர்களுக்குத் தரவு கொடுக்கச் சொல்கிறது, நல்ல விஷயம். ஆனாலும் சாவி நிறுவனத்தின் கையில் இருக்கும்போது ஐந்து வருட ஆய்வை அதை நம்பித் தொடங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்தப் பக்கம் பாருங்கள். ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராடின் காங்கோ கதையான 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' இனவெறிப் பார்வை கொண்டது என்று 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே ஓர் உரையில் சாடினார். ஆப்பிரிக்கர்களுக்குக் கதையில் இரண்டே இடங்களில்தான் வாய் திறக்க வாய்ப்புக் கிடைக்கிறது என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. 1981இல் கயானா எழுத்தாளர் வில்சன் ஹாரிஸ் மறுத்து எழுதினார். இன்று ஒரு மாணவி அதே பக்கங்களைத் திறந்து, அந்த இரண்டு இடங்களையும் தானே படித்து, யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரம் எனக்கு மிகவும் முக்கியம்.

காகிதமும் எப்போதும் கைக்கு எட்டிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நாவலோடு காலனிய ஆவணத்தையும் சேர்த்துப் படிக்க நினைத்தால் அங்கேயும் பூட்டு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கென்யாவின் மாவ் மாவ் போராட்டக்காரர்கள் தொடுத்த வழக்கால்தான், 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகளை பிரிட்டன் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் ஒளித்து வைத்திருந்தது 2011இல் வெளியே வந்தது. காலனிகளை விட்டுக் கிளம்பும்போது அதிகாரிகள் எரித்த கோப்புகளோ போனது போனதுதான்.

இன்னொன்று. நேர்காணல், சோதனை முறை ஆய்வுகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றில் தரவை நாமே திரட்டி நாமே பாதுகாக்கலாம் என்பதால் தரவு கைநழுவும் என்று நான் சொன்ன குறை அந்த ஆய்வுகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அரசியல் தொடர்பாடல்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் அந்த வழியில் போங்கள், இல்லாவிட்டால் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையோ பழைய நாளிதழ்களையோ எடுங்கள். சமூக ஊடகம்தான் தலைப்பு என்றால், தரவு கைக்கு வந்த பிறகு தலைப்பைப் பதிவு செய்யுங்கள்.