பேசிக் ஃபேன்டசி விதிப்புத்தகம்: தக்கலையில் ஒன்றரை வருடம் ஆடிப் பார்த்த பிறகு

பேசிக் ஃபேன்டசி, ஆளுக்கொரு பாத்திரமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு. அதன் விதிப்புத்தகத்தின் சாமான் பட்டியலில் 10 அடி மரக்கம்பு என்று ஒன்று வரும். இது எதற்கு என்று அக்கா மகள் கேட்டாள். இருட்டுக் குகைக்குள் காலை எடுத்து வைக்கும் முன் தரையைத் தட்டிப் பார்க்க என்றேன். "அப்போ நம்ம தொரட்டிதானே மாமா" என்றாள். அன்றிலிருந்து எங்கள் ஆட்டத்தில் அது தொரட்டிதான், நுனியில் கொக்கியும் உண்டு, கொக்கி இருப்பதால் உயரத்தில் தொங்குவதை இழுத்துப் போடவும் செய்யலாம் என்று அவளே ஒரு விதியைச் சேர்க்க, நானும் சரி என்று எங்கள் பிரதியில் அதை டைப் செய்து வைத்துவிட்டேன். இந்தப் புத்தகம் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: திறந்து, திருத்தி, நம்முடையதாக்கி, அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அதற்கு முறையான அனுமதியும் இருக்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் கொண்டுவந்த மேஜை விளையாட்டு. ஒருவர் உலகத்தைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக "நான் இதைச் செய்கிறேன்" என்று பதில் சொல்ல, முடிவு தெரியாத இடத்தில் டைஸ் உருட்டுவது, அவ்வளவுதான் அடிப்படை. அதன் எளிய வடிவம் ஒன்று 1981-இல் இரண்டு மெல்லிய புத்தகங்களாக வந்தது. பழைய பாணி ஆட்டக்காரர்களில் நிறையப் பேர் இன்றும் கொண்டாடுவது அதைத்தான். பிறகு பதிப்புகள் மாறின, விதிகள் பெருத்தன, பழசு அச்சில் இல்லாமல் போனது.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி விளையாட்டை விவரிக்கும் எழுத்துக்கு உரிமையாளர் உண்டு, விளையாடும் முறைக்கு இல்லை. அதோடு 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதன் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே ஓஜிஎல் என்ற திறந்த உரிமத்தில் அடிப்படை விதிகளை வெளியிட்டது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு சிலர் பழைய ஆட்டத்தைத் தங்கள் சொந்தச் சொற்களில் மறுபடி எழுதினார்கள். அதுதான் ரெட்ரோ குளோன். ஆஸ்ரிக் 2006-இல் வந்தது, லேபிரிந்த் லார்ட் 2007, ஸ்வார்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி 2008. அதே அலையில் கிறிஸ் கொனர்மேன் என்பவர் எழுதியதுதான் பேசிக் ஃபேன்டசி. பிடிஎஃப் முற்றிலும் இலவசம், அச்சுப் புத்தகத்தையும் லாபம் வைக்காமல் அச்சுச் செலவுக்கே கொடுக்கிறார்கள்.

பழைய 1981 புத்தகங்களையே இப்போது பிடிஎஃபாக அதிகாரப்பூர்வமாக வாங்க முடிகிறதே, பிறகு குளோன் எதற்கு என்று என் குளச்சல் நண்பன் ஆரம்பத்தில் கேட்டான். நியாயமான கேள்விதான். வாங்கலாம், படிக்கலாம், ஆனால் அதை ஐந்து பிரதி எடுத்து ஐந்து பேருக்குக் கொடுக்க முடியாது, தமிழில் மாற்றி இன்னொரு குழுவிடம் கொடுக்க முடியாது, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு நம் பக்கத்தைச் செருகிப் பொதுவில் வைக்கவும் முடியாது. பேசிக் ஃபேன்டசியில் இது எல்லாமே முடியும். பிடிஎஃபோடு நிறுத்தாமல் லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்துகிற மூலக் கோப்பையே இறக்கிக்கொள்ள வைத்திருக்கிறார்கள்.

இந்த உரிமை விஷயம் வெறும் சட்ட நுணுக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் ஓஜிஎல் உரிமத்தையே மாற்றப் போகிறது என்ற வரைவு வெளியே கசிந்தபோது, இருபது வருடமாக அதை நம்பி எழுதியவர்கள் ஆடிப்போனார்கள். எதிர்ப்பு பலமாக வந்ததும் அந்த மாதக் கடைசியிலேயே பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை யாரும் பகிரவும் திருத்தவும் அனுமதிக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். ஆனால் பேசிக் ஃபேன்டசிக்காரர்கள் இனி எவர் தயவும் வேண்டாம் என்று, ஓஜிஎல் வழியாக வந்த வாக்கியங்களை எல்லாம் எடுத்துவிட்டு மாற்றி எழுதி, அதே 2023-இல் நான்காம் பதிப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸில் கொண்டுவந்தார்கள். பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. சம்பளம் இல்லாமல் இப்படி ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, எங்கள் குழுவுக்கு வருகிறேன். ஐந்து பேர், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டு வராந்தாவில். அக்கா மகள், சித்தி, குளச்சல் நண்பன், பக்கத்து வீட்டு அண்ணன், கதை நடத்துகிற நான். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை, விடியும் முன் போனால் மதியத்துக்குள் முடிந்துவிடும். மழை பிடித்தால் வெட்டு இல்லை, அதனால் நம் குமரி மாவட்டத்துக்கு வருகிற இரண்டு மழைக்காலமும் எங்களுக்கு நடுவாரத்திலும் ஆட்டம் நடக்கிற காலம். கரண்ட் போனாலும் பிரச்சினை இல்லை, மெழுகுவர்த்தியும் மரச்சீனிக் கிழங்கும் கட்டன் காப்பியும் இருந்தால் போதும். டைஸ் செட் மட்டும் ஆன்லைனில் வாங்கினேன்.

விதிகளைப் பற்றி. பாத்திரம் உருவாக்கப் பத்து நிமிடம் போதும். மூன்று டைஸை ஆறு முறை உருட்டி, வந்த வரிசையிலேயே ஆறு குணங்களுக்கும் எழுதிக்கொள்ள வேண்டும், பிடித்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது. நான்கு தொழில், நான்கு இனம். தாக்குவதற்கு 20 முக டைஸை உருட்டி நம் போனஸைக் கூட்டி எதிரியின் ஏசி, அதாவது பாதுகாப்பு எண்ணைத் தொட்டால் அடி விழுந்தது. பழைய ஆட்டத்தில் ஏசி குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம், தாக்கோ என்று ஒரு கணக்கும் பின்னால் வந்தது, புதிதாக வருபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இங்கே ஏற ஏறப் பாதுகாப்பு: கவசமே இல்லாவிட்டால் 11, தோல் கவசம் 13, சங்கிலிக் கவசம் 15, தகட்டுக் கவசம் 17. பழைய எண்ணை 20-லிருந்து கழித்தால் இந்த எண் வந்துவிடும். இந்த ஒரு கழித்தல் தெரிந்தால் லேபிரிந்த் லார்டில் இருக்கிற மிருகத்தையோ, நாற்பது வருடத்துக்கு முந்தைய சாகசப் புத்தகத்தில் இருக்கிற காவலாளியையோ ஆட்டத்துக்கு நடுவிலேயே தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தலாம். குளோன்கள் எல்லாம் உள்ளே ஒரே எலும்புக்கூடு என்பதால் ஒன்றை வாங்கினால் மற்றவற்றின் சரக்கும் நமக்குப் பயன்படுகிறது.

சாவு உண்டு, நிறைய உண்டு. உயிர்ப்புள்ளி பூஜ்யம் என்றால் செத்தாயிற்று. நண்பனின் முதல் மந்திரவாதிக்கு நான்கு முக டைஸில் விழுந்தது 2 புள்ளி. முதல் நாளே ஒரு பெரிய எலி கடித்துப் போய்விட்டான். நண்பனுக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் காப்பி ஆறுவதற்குள் புதுப் பாத்திரத்தோடு மறுபடி உள்ளே வந்துவிட்டான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவ்வளவு சீக்கிரம் சாக விடமாட்டார்கள், அதை விரும்புபவர்கள் தாராளமாக அதை ஆடலாம், ஆனால் ஒவ்வொன்றும் 300 பக்கத்தைத் தாண்டுகிற மூன்று தடிப் புத்தகங்களின் விலையை யோசித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எனக்கு இருக்கிற பெரிய குறை ஒன்றுதான். பழைய 1981 ஆட்டத்தில் குகையிலிருந்து வெளியே கொண்டுவருகிற ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி, எதிரியைக் கொன்றால் கிடைப்பது சொற்பம். பேசிக் ஃபேன்டசியில் அந்தத் தங்க விதி விருப்பத்துக்கு உரியதாகத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் முதல் மூன்று மாதம் அது இல்லாமலே ஆடினோம், விளைவு, கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டப் பாய்வது, வாராவாரம் ஒருவர் சாவது. பிறகு தங்க விதியைச் சேர்த்தேன். அடுத்த வாரமே ஆட்டம் மாறியது. தூங்கிக்கொண்டிருந்த ஓகர் என்கிற ராட்சசன் ஒன்றைப் பார்த்ததும் எல்லோரும் பழக்கத்தில் வாளை உருவ, பால்வெட்டு அண்ணன் குரலைத் தாழ்த்தி, "அத அடிச்சு என்ன கிடைக்கப் போவுது? அது உறங்குதுல்லா, பெட்டிய மட்டும் எடுத்துட்டு மெதுவா வந்துருவோம்" என்றார். அந்தப் பெட்டியை எடுத்து வர ஒரு மணி நேரம் ஆனது, தொரட்டி, கயிறு, எண்ணெய் தடவிய கதவுக் கீல் என்று. இத்தனை மாதத்தில் அதுதான் எங்களுடைய மிகச் சிறந்த ஆட்டம், வாளே உருவப்படாத ஆட்டம். ஆகவே இந்தப் புத்தகத்தை எடுப்பவர்கள் முதல் நாளிலேயே அந்த விருப்ப விதியைச் சேர்த்துவிடுங்கள்.

மற்ற குறைகள் சின்னவை. படங்கள் பலர் வரைந்து கொடுத்தவை, தரம் ஏறி இறங்குகிறது. சண்டை விதிகள் பல பக்கங்களுக்கு ஓடுவதால் ஆட்டத்தின் நடுவே தேடுவது சிரமம். பக்க அமைப்பில் 2019-இல் வந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்தான் முதலிடம், ஒரு விஷயம் என்றால் திறந்த இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும், அதன் அடிப்படை விதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் குள்ளர், எல்ஃப் என்ற இனங்களே தொழிலாகவும் இருக்கும், அது பிடித்தவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

பிரிண்ட் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் மூன்று பிரதி எடுத்து சுருள் பைண்டிங் போட்டேன், ஒரு பிரதிக்கு 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. அமெரிக்கக் காகித அளவில் இருக்கிற கோப்பை ஏ4-க்குப் பொருத்தாமல் கடையில் அப்படியே அடித்ததில் அட்டவணைகளின் வலது ஓரம் இரண்டு பிரதியில் வெட்டுப்பட்டுவிட்டது. அது தெரியாமல் சித்தி சில வாரம் தப்பான எண்ணை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கடைக்குக் கொடுக்கும் முன் அளவை நீங்களே மாற்றிக்கொண்டு போங்கள்.

தமிழாக்கத்துக்கு வருகிறேன், எங்களுக்கு அதிக நேரமும் அதிக மகிழ்ச்சியும் கொடுத்தது அதுதான். அண்ணனுக்கு ஆங்கிலம் நிதானமாகத்தான் வாசிக்க வரும். ஒவ்வொரு முறையும் நான் படித்து விளக்குவது அவருக்கும் மரியாதையாக இல்லை, எனக்கும் சரியாகப் படவில்லை. அதனால் மூலக் கோப்பைத் திறந்து பாத்திரத் தாளிலிருந்து ஆரம்பித்தோம். தீஃப் என்பதற்கு யோசனையே தேவைப்படவில்லை, கள்ளன். மேஜிக் யூசர், மந்திரவாதி. ஃபைட்டருக்குச் சண்டைக்காரர் என்று போட்டேன், சித்தியின் பாத்திரம் பெண், "என்னைச் சண்டைக்காரின்னு எழுதி வைப்பியா?" என்று அவர் கேட்டதும் வீரர் என்று மாற்றினேன். கிளெரிக் தான் பாடாய்ப்படுத்தியது. பூசாரி என்றால் ஒரு மதம், பாதிரியார் என்றால் இன்னொன்று, எல்லா மதத்தாரும் கலந்து உட்காருகிற மேஜையில் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று இரண்டு ஞாயிறு பேசி அருளாளர் என்று முடிவு செய்தோம். ஆபத்திலிருந்து தப்ப உருட்டுகிற சேவிங் த்ரோ, தப்பிப்பு. செத்தும் நடமாடுகிற அன்டெட் வகைக்கு வாதை என்று வைக்கலாம் என்று நண்பன் சொன்னான், சொல் அழகாகத்தான் இருந்தது, ஆனால் நம் பக்கத்தில் வாதைக்கும் மாடனுக்கும் இசக்கிக்கும் பூடம் கட்டிப் படையல் போட்டுக் கும்பிடுகிறார்கள், அவர்களை உயிர்ப்புள்ளி எழுதி எதிரியாக நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. சாகாப்பிணம் என்று எழுதினோம்.

இடமும் நம் இடமே. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை வீட்டிலிருந்து பைக்கில் ஐந்து நிமிடம், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை உள்ளேதான் இருக்கிறது, பீரங்கி வார்த்த உலைக்களமும் அங்கே இருந்தது. அந்த உலைக்களத்துக்கு அடியில் மூன்று அடுக்குச் சுரங்கம் இருப்பதாக நான் வரைந்துகொண்டேன். விதிகள் லேசாக இருப்பதால் இதற்கெல்லாம் புதுப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு கிராஃப் நோட்டு போதுமானதாக இருந்தது.

இப்போது இரண்டாம் நிலை மந்திரங்கள் வரை தமிழில் தயார். அக்கா மகளின் மந்திரவாதி 17,000 புள்ளியைத் தாண்டிவிட்டாள், 20,000 தொட்டால் ஐந்தாம் லெவல், மூன்றாம் நிலை மந்திரம் கைக்கு வரும். ஃபயர்பாலுக்கு நான் தீப்பந்து என்று எழுதினேன், சாமான் பட்டியலில் ஏற்கெனவே தீப்பந்தம் இருக்கிறதே, இருட்டில் யாராவது மாற்றி வாசித்தால் என்ன ஆகும் என்று கேட்டு அவளே அடித்துவிட்டு தீக்கோளம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மீதியை அடுத்த மழைக்குள் முடித்துத் தர வேண்டுமாம்.