வேர்ட்பிரஸ் டேட்டாபேஸ்: பாதியில் அறுபடும் தமிழ் முகவரி

பள்ளத்தூரில் பழைய வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றிக்கொண்டிருக்கும் பங்காளி ஒருவன் கேட்டான்: "வேர்ட்பிரஸுக்கு டேட்டாபேஸ் நாமளே போட்டுக்கலாமா, ஆள் வைக்கணுமா?" சித்தப்பாவின் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்ஸ்) பட்டறைக்கு இணையதளம் போட்டதும், வருஷக்கணக்கில் அதைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் நடத்தும் மென்பொருள், டேட்டாபேஸ் என்பது அதன் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் கிடங்கு. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஆள் வேண்டாம். சிபேனலில் (ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கு இடம் தருபவர்கள் கொடுக்கும் நிர்வாகப் பக்கம்) ஒரு டேட்டாபேஸ், ஒரு யூசர், அந்த யூசருக்கு எல்லா உரிமையும். அப்புறம் பெயர்களையும் கடவுச்சொல்லையும் வேர்ட்பிரஸின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் போட்டால் முடிந்தது. ஒன்றை மட்டும் கவனிக்கணும்: ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸ் பெயருக்கு முன்னால் உங்கள் கணக்குப் பெயரையும் ஒட்டிவிடுவார்கள். அதையும் சேர்த்துப் போடாவிட்டால் இணைப்பே கிடைக்காது. எழுத்துத்தொகுப்பு, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) ஆக இருக்கட்டும். 2015-ல் வந்த 4.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதைத்தான் விரும்புகிறது. இடையில் ஹோஸ்டிங்கை மாற்றினோம். மொத்தத்தையும் ஒரே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் நகல்) கோப்பாக இறக்கிப் புது இடத்தில் ஏற்றினேன், ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை. அந்த வகையில் தங்கமான சாமான்.

ஆனால் தலைப்பிலிருந்து தானாக உருவாகும் பதிவின் முகவரி (லிங்க்) விஷயத்தில் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. முகவரியை வைக்கிற போஸ்ட்நேம் (post_name) என்ற டேட்டாபேஸ் நெடுவரிசைக்கு 200 எழுத்துதான் இடம். ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு குறியும் (கணினி தனியாக எண்ணும் எழுத்துத் துண்டு) மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிவிடும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 22 குறியோடு கதை முடிந்தது. அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனிக்குறி. 'டி' என்று ஒரு எழுத்தைப் போட்டால் இரண்டு போச்சு.

'ஆத்தங்குடிக் கல் பதிக்கும் முறை' என்று தலைப்பு வைத்தேன். முகவரி 'ஆத்தங்குடிக்-கல்-பதிக்கு' என்று நின்றுவிட்டது. அடுத்து 'ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கூலி' எழுதினேன். முதல் 22 குறியும் ஒன்றுதானே, அதனால் இரண்டையும் பிரித்துக்காட்ட '-2' என்ற வால் ஒட்ட இடம் பண்ணி, இன்னும் ஒரு குறியை வெட்டி, 'பதிக்க-2' ஆக்கிவிட்டது. கண்ணாடித் தகட்டில் சாயம் ஊற்றிக் கல் வார்ப்பதைப் பார்க்க வாங்க என்று வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற லிங்க் இப்படியா இருக்கணும்?

நெடுவரிசையை அகலப்படுத்தினாலும் பிரயோஜனமில்லை. தலைப்பை முகவரியாக்கும் நிரலும் அதே 200-ல்தான் வெட்டுகிறது. உலகத்தில் இத்தனை மொழிக்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இந்த எல்லையை இன்னும் வைத்திருப்பது நியாயமே இல்லை.

வழி ஒன்றுதான்: வெளியிடுவதற்கு முன்னால் முகவரியைக் கையால் இரண்டு சொல்லுக்குச் சுருக்கிவிடுங்கள். ஏற்கெனவே வெளியிட்ட பதிவையும் தைரியமாக மாற்றலாம். பழைய முகவரியை வேர்ட்பிரஸே டேட்டாபேஸின் போஸ்ட்மெட்டா (பதிவின் கூடுதல் குறிப்புகள்) அட்டவணையில் குறித்துவைத்துக்கொண்டு, அதில் வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும்.

பங்காளிக்கு என் பதில்: நாலு பக்கத் தளம்தான் என்றால் வேர்ட்பிரஸ் வேண்டாம், வெறும் எச்டிஎம்எல் போதும். பட்டறைத் தளத்தை நான் மாற்றப்போவதில்லை.