'புருசெல்லோசிஸ் தடுப்பூசி போட்ட ஆடுகள்' என்று விற்பவர்களிடம் எச்சரிக்கை

புருசெல்லோசிஸ் (கால்நடைகளில் கருவைக் கலைத்து, மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய்) தடுப்பூசி போடப்பட்டதாகச் சான்றிதழ் கொடுத்து விற்கப்படும் வெள்ளாடுகளை வாங்க எண்ணுவோர், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய சான்றிதழுக்காகவே சந்தை விலையை விடக் கூடுதலாகக் கொடுத்து, வெளிமாவட்டப் பண்ணை ஒன்றிலிருந்து தலைச்சேரி இனப் பெட்டை ஆடுகளை வாங்கினோம். சினையின் நான்காம் மாதத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டி வீசின (கரு கலைந்தன). கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்து இந்நோயைக் கண்டறியும் ரோஸ் பெங்கால் சோதனைக்கு உட்படுத்தியபோது, வீசியவற்றில் மட்டுமன்றி, எந்தக் குறையும் தெரியாத சில ஆடுகளிலும் நோய்க்கான எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) காணப்பட்டது.

விற்றவரிடம் கேட்டதற்கு, "தடுப்பூசி போட்ட ஆட்டுக்குச் சோதனையில் அப்படித்தான் காட்டும்" என்றார். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் வாயடைத்துத் திரும்புகிறார்கள். ஸ்பெயின், கிரீஸ், துருக்கி போன்ற நாடுகளில் ஆடுகளுக்குப் பயன்பட்டு வந்துள்ள ரெவ் 1 தடுப்பூசி, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆனது. அதனால் உண்டாகும் எதிர்ப்பொருளையும் நோயால் உண்டாவதையும் வழக்கமான இரத்தச் சோதனைகள் பிரித்துக் காட்டுவதில்லை. இந்தச் சிக்கலைக் குறைப்பதற்காகவே 3 முதல் 6 மாத வயதுக் குட்டிகளுக்கு அதைக் கண்ணில் சொட்டாக விடுகிறார்கள். அப்போது எதிர்ப்பொருள் சில மாதங்களில் தணிந்துவிடுகிறது. சினை ஆட்டுக்குப் போட்டாலோ, அந்தத் தடுப்பூசியே கருவைக் கலைத்துவிடக்கூடும்.

எங்களுக்குத் தரப்பட்ட தாளில் தடுப்பூசியின் பெயரோ, தொகுதி எண்ணோ, மருத்துவரின் கையொப்பமோ இல்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகு, "அரசு போடுகிற அதே ஊசிதான்" என்றார். 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் புருசெல்லோசிஸுக்குப் போடப்படுவது எஸ் 19 தடுப்பூசி. அது 4 முதல் 8 மாத வயதுள்ள பசு, எருமைக் கிடேரிக் கன்றுகளுக்கானது, ஆடுகளுக்கானதன்று. ஆட்டுக்கொல்லி நோய்க்குப் போட்ட ஊசியைக் காட்டி, "எல்லாம் போட்டாயிற்று" என்று சொல்பவர்களும் உண்டு (அது வைரஸ் நோய், இது பாக்டீரியா). வீசப்பட்ட குட்டியின் இரைப்பை நீரை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் ஆடுகளில் இந்நோயை உண்டாக்கும் புருசெல்லா மெலிட்டென்சிஸ் கிருமி இருப்பதும், அது தடுப்பூசி வகை அன்று என்பதும் உறுதியாயின. அதைக் காட்டிய பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதே இல்லை.

பண இழப்பைவிடக் கவலை தருவது வேறொன்று. குட்டி வீசிய ஆடு அடுத்த ஈற்றில் நலமாகவே ஈனலாம்; ஆனாலும் பாலிலும் ஈற்றுக் கழிவிலும் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கையுறையின்றி நஞ்சுக்கொடியை அகற்றுவோருக்கும், ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிப்போருக்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். எங்கள் பண்ணையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இப்போது அதற்கான சிகிச்சையில் இருக்கிறார்.

ஆகவே, "தடுப்பூசி போட்டது" என்று ஒருவர் சொன்னால் எந்த ஊசி, எந்த வயதில், யார் போட்டது என்பதைக் காதுவில்லை எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். ஆடுகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, நீங்கள் அழைத்துச் செல்லும் மருத்துவர் இரத்தம் எடுக்க ஒப்புக்கொள்ளாத பண்ணையில் வாங்க வேண்டாம். வாங்கியவற்றையும் ஒரு முறை ஈன்று முடிக்கும் வரை தனிக் கொட்டகையில் வைத்து, மீண்டும் சோதித்த பிறகே மந்தையில் சேருங்கள்.