மூன்று வருடம் ஐ-எஃப்ஏபிபி புரதத்தோடு: குழி காலியாக இருக்கிறதா?

குடல் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதத்தை, ஆய்வகப் பேச்சில் ஐ-எஃப்ஏபிபியை, மூன்று வருடமாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த மனிதப் புரதம், சுத்திகரிக்க உதவும் ஹிஸ்-டேக் என்ற சிறு வால் உண்டு, உலர்தூளாக வருகிறது. எங்களுக்கு இதில் இரண்டு வேலை: புரதத்தின் அளவைக் காணும் எலைசா சோதனைக்கு ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிட்டு அளக்கும் மாதிரி, அப்புறம் கொழுப்பமிலப் பிணைப்புச் சோதனை.

எலைசாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடல் உட்சுவர் செல்கள் சேதமானால் இந்தப் புரதம் ரத்தத்தில் கசியும். சுமார் 15 கிலோடால்டன்தான் என்பதால் சிறுநீரிலும் இறங்கிவிடும். குடலுக்கு ரத்தம் தடைபட்டவர்களிடமும், குடல் அழுகல் நோய் வரும் குறைமாதக் குழந்தைகளிடமும் இதை அளப்பது அதனால்தான். மூன்று லாட் (தயாரிப்புத் தொகுதி) மாற்றியும் ஸ்டாண்டர்டு வளைவு பெரிதாக நகரவில்லை.

பிணைப்புச் சோதனைதான் ஆறு மாதத்தை விழுங்கியது. ஏஎன்எஸ் சாயம் புரதத்தின் குழிக்குள் போனால் ஒளிரும். கொழுப்பமிலம் வந்து அதை வெளியே தள்ளினால் ஒளி குறையும். எங்களுக்கோ ஒலியிக் அமிலம் சேர்க்கும் முன்பே ஒளி மங்கலாக இருந்தது. ஜெல்லில் ஒற்றைப் பட்டை, சான்றிதழில் 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை. சாயத்தை மாற்றினோம், பஃபரை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. விஷயம் புரதத்துக்குள்ளேயே இருந்தது. பத்து பீட்டா இழைகள் சேர்ந்த பீப்பாய் போன்ற அமைப்பு இது. நடுவில் ஒரே ஒரு கொழுப்பமிலத்துக்குத்தான் இடம். பாக்டீரியாவுக்குள் உருவாகும்போதே அதன் கொழுப்பமிலம் அங்கே உட்கார்ந்துவிடுகிறது, சுத்திகரித்தாலும் இறங்குவதில்லை. தூய்மைச் சான்றிதழ் வேறு புரதம் கலக்கவில்லை என்றுதான் சொல்லும், குழி காலி என்று சொல்லாது. கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் லிப்பிடெக்ஸ்-1000 என்ற பொருளை நிரப்பிய குழாயில் புரதத்தை 37 டிகிரியில் ஓடவிட்ட பிறகுதான் ஒழுங்கான வளைவு கிடைத்தது. அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதிதாக வாங்குபவர்கள் ஆல்புமின் என்ற வேறொரு புரதம் சேர்த்ததா என்றும் கேளுங்கள். டியூபில் ஒட்டாமலிருக்கச் சேர்ப்பார்கள், எலைசாவுக்கு அது நல்லது. பிணைப்புச் சோதனைக்கு ஆகவே ஆகாது. ஆல்புமினே கொழுப்பமிலத்தை அள்ளிக்கொள்ளும். புரதத்தின் அமினோ அமில வரிசையில் 54ஆம் இடத்தில் அலனைனா, திரியோனைனா என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடி மக்களிடம் நடந்த ஆய்வில், திரியோனைன் வடிவம் கொழுப்பமிலத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிப்பதை 1995லேயே காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

சேமித்து வைப்பதில் சிக்கல் இல்லை. குப்பியைத் திறக்கும் முன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜில் வையுங்கள், தூள் மூடியில் ஒட்டியிருக்கும். கரைத்ததும் 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80இல் வைக்கிறோம். உருகியதை மறுபடி உறைய வைப்பதில்லை.

போன மாதம் ஆர்டர் போடும் முன் லிப்பிட் (கொழுப்பு) நீக்கியதா என்று தயாரிப்பாளரிடமே கேட்டேன். இல்லை என்று நேராகச் சொன்னார்கள். அதையே வாங்கினோம், வந்த அன்றே முதல் குப்பியை லிப்பிடெக்ஸில் ஏற்றிவிட்டோம்.