வெங்காயத்துக்கு ஒன்று, உருளைக்கு ஒன்று: சமையலறை மரப்பெட்டியில் எது தேறும்?

காய்கறி வைக்க மரப்பெட்டி செய்யலாம் என்று இணையத்தில் தேடினால், முதலில் வந்து நிற்பது அமெரிக்கப் பண்ணைவீட்டுப் பாணிப் பெட்டிதான். இடுப்பளவு உயரம், முன்பக்கம் சாய்ந்து திறக்கும் இரண்டு கதவுகள், மேல் அறையில் வெங்காயம், கீழ் அறையில் உருளைக்கிழங்கு. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அது குளிர்நாட்டு வீட்டுக்கு ஏற்ற சாமான். மே மாதத்து மதுரைச் சமையலறையில் அதை வைத்தால், காற்று அசையாத அந்த அறைக்குள் முதலில் அழுகப்போவது எது என்பது மட்டும்தான் கேள்வி.

வெங்காயத்துக்கும் உருளைக்கும் ஒரே பெட்டி என்ற எண்ணமே சரியில்லை என்பது என் கட்சி. உருளைக்கு வேண்டியது இருட்டு. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும்; கூடவே சோலனின் போன்ற நச்சுப்பொருள்களும் கூடும். வெங்காயத்துக்கு வெளிச்சம் அவ்வளவு பெரிய பகையில்லை. அதற்கு ஈரம்தான் எமன். உருளையோ பறித்த பிறகும் சுவாசித்துக்கொண்டு ஈரத்தை வெளியே விட்டபடி இருக்கிறது. கீழறையில் உருளை, மேலறையில் வெங்காயம் என்று அடுக்கினால், அந்த ஈரம் நேராக எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே பெரிதாக ஒன்று செய்வதைவிடச் சிறிதாக இரண்டு செய்வது மேல். வடிவம், மரம் இரண்டையும் தேர்ந்தெடுப்பது அதன் பிறகுதான்.

வடிவத்தில் போட்டி மூன்றுக்கு இடையே. சாய்கதவுப் பெட்டி, மேல்மூடியுள்ள அடைத்த பெட்டி, இடைவெளி விட்டு ரீப்பர் (ஒடுங்கிய மரச்சட்டம்) அடித்த திறந்த கூடு.

சாய்கதவை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். காற்றுப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மரம் உப்பிக் கதவு இறுகிக்கொள்ளும். கீல், சங்கிலி, கைப்பிடி என்று செலவும் ஏறும். அடைத்த பெட்டி நம் ஊருக்குப் புதியதல்ல. பத்தாயம் அந்தச் சாதிதான். ஆனால் பத்தாயத்துக்குள் போனது காய்ந்த நெல். வெங்காயத்தைச் சேமிக்க நம் விவசாயிகள் கண்ட வழி வேறு. பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடுகிறார்கள்: தரையிலிருந்து உயர்த்திய மேடை, சுற்றிலும் காற்று புகும்படி குச்சியோ மூங்கிலோ வைத்த தடுப்பு, மேலே கூரை. அடியிலும் பக்கவாட்டிலும் காற்று ஓடுகிறது. சமையலறையில் வெங்காயத்துக்கு நாம் செய்யவேண்டியது இந்தப் பட்டறையின் குட்டிதான். ரீப்பர் கூடு அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்யும். உருளைக்கு மட்டும் அடைத்த பெட்டி, அதுவும் அடிப்பக்கமும் பின்பக்கத்து மேல்விளிம்பும் காற்றுக்குத் திறந்ததாக.

இனி மரம். பேக்கிங் பைன், வேம்பு, ரப்பர் மரம், பிளைவுட் ஆகிய நான்கும்தான் பெரும்பாலானோர் யோசிப்பவை. தேக்கைச் சேர்க்காததற்குக் காரணம் எளிது: வெங்காயச் சருகு உதிரும் கூட்டுக்குத் தேக்கு எதற்கு? வீட்டில் கதவு வேலை நடந்து துண்டு மிஞ்சியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பேக்கிங் பைன் மலிவு, எடை குறைவு, கைரம்பத்திலேயே சுலபமாக அறுபடும். இறக்குமதி இயந்திரங்களைத் தாங்கி வரும் பேலட்டுகளை, அதாவது மரத்தட்டுகளை, பிரித்து விற்கும் பழைய மரக் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது கோதுமைக் கதிர் வரைந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். அதில் ஹெச்.டி. என்று இருந்தால் மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகையூட்டியது. சாப்பிடும் பொருளுக்கு அந்தப் பலகை வேண்டாம். எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தாலும் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். பைனுக்குக் கறையான் என்றால் பயம். தரையிலிருந்து உயர்த்தி வைத்து, ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

வேம்பு இதற்கு நேர் எதிர். கறையானும் பூச்சியும் லேசில் அண்டாது. கிராமத்து வீடு, மண்தரை, தோட்டத்தை ஒட்டிய சமையலறை என்றால் என் ஓட்டு வேம்புக்குத்தான். ஆனால் மரவாடியில் ‘காய்ந்த மரம்’ என்று சொல்லிக் கொடுப்பதை நம்பி வாங்கி, அன்றே அறுத்து ஆணி அடித்தால், சில வாரங்களில் ரீப்பர் முறுக்கிக்கொள்ளும். அறுத்த சட்டங்களை நிழலில், இடையில் குச்சி வைத்து அடுக்கி, நன்றாக உலர விட்டுத்தான் கை வைக்கவேண்டும். கனமும் அதிகம்; அலமாரிக்கு அடியிலிருந்து அடிக்கடி இழுப்பதற்கு முதுகு ஒத்துழைக்க வேண்டும்.

ரப்பர் மரப் பலகை வழவழப்பாக, வெளிர்நிறத்தில், அழகாகவே இருக்கும். பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தியே விற்கிறார்கள். ஈரம் தொடர்ந்து பட்டால் தாங்காது. மேசைக்குச் சரி, தினமும் தரை கழுவும் சமையலறையில் எனக்கு நம்பிக்கையில்லை.

பிளைவுட் லேசில் வளையாது, முறுக்காது. கடையில் மலிவாகக் கொடுக்கும் எம்.ஆர். ரகம் ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் தாங்கும், விலைதான் உறைக்கும். காற்று புகாத பலகை என்பதால் வெங்காயத்துக்கு இது கூடவே கூடாது. ஆனால் இருட்டு கேட்கும் உருளைப் பெட்டியின் நான்கு சுவருக்கும் இதைவிடச் சுலபமான பொருள் இல்லை. 8-க்கு 4 அடி முழுத் தகடு வாங்கத் தேவையில்லை. அலமாரி வேலை செய்யும் ஆசாரியிடம் 12 மில்லிமீட்டர் கழிவுத் துண்டுகள் கேட்டால் கிடைக்கும்.

எனவே நகரத்து அடுக்குமாடிக்கு என் தேர்வு: வெங்காயக் கூடு பைன் ரீப்பரில், உருளைப் பெட்டி பிளைவுட்டில். உள்அளவு இரண்டுக்கும் 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 8 அங்குல உயரம். பத்துக் கிலோ பெரிய வெங்காயம் கொட்டினால் ஐந்தாறு அங்குலம்தான் ஏறும். அதற்கு மேல் குவித்தால் அடியில் இருப்பவை நசுங்கும், அழுகினாலும் மேலே இருப்பவை மறைத்துவிடும். கூட்டுக்கு ஒன்றரை அங்குல அகல ரீப்பர், அரை அங்குல இடைவெளி. பக்கத்துக்கு நான்கு, அடியில் ஆறு. அடியைத் தாங்கும் இரண்டு குறுக்குச் சட்டங்களையும் சேர்த்து, மூலைக்கால்கள் நீங்கலாக, 31 அடி வருகிறது. சேதாரத்துக்கு மூன்றடி கூட்டிக்கொள்ளுங்கள். இடைவெளியை அளந்துகொண்டே இருக்க வேண்டாம். 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை இரண்டு ரீப்பருக்கு நடுவில் செருகி ஆணி அடித்து, உருவி, அடுத்ததற்குப் போங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் போடுவதென்றால் அடியில் மட்டும் இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

பைன் ரீப்பரின் முனையில் ஆணி அடித்தால் பிளக்கும். டிரில் இருந்தால் முன்துளை போடலாம். இல்லையென்றால் ஆசாரிமார் செய்வதைச் செய்யுங்கள்: ஆணியைத் தலைகீழாகக் கல்லில் நிறுத்தி, கூர்முனையில் சுத்தியால் லேசாக ஒரு தட்டு. கூரான முனை நாரை விலக்கிக்கொண்டு போவதால்தான் மரம் பிளக்கிறது; மழுங்கிய முனை நாரை நசுக்கி வழி செய்துகொள்ளும்.

உள்பக்கம் பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம்; உப்புத்தாள் தேய்த்தால் போதும். கறையானுக்குப் பயந்து முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசுகிறவர்கள் கால்களின் வெளிப்பக்கத்தில் மட்டும் பூசி, நன்றாகக் காய விடவேண்டும். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் சரக்கு அது.

மரமே வேண்டாம் என்போர் கட்சிக்கும் நியாயம் உண்டு. வாரம் இரண்டு கிலோ வாங்கி அதற்குள் தீர்த்துவிடும் வீட்டுக்கு, கால் உயர்ந்த ஒரு மூங்கில் கூடை போதும். காற்றோட்டத்தில் அது ரீப்பர் கூட்டுக்குச் சளைத்ததல்ல, செலவும் சொற்பம். பிளாஸ்டிக் அடுக்குத் தட்டு கழுவச் சுலபம். ஆனால் பலவற்றில் அடிப்பகுதி முழுசாக மூடியிருக்கும், ஈரம் அங்கேயே தேங்கும். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக்கில் உருளையை வைப்பதும் ஜன்னலில் வைப்பதும் ஒன்று. மொத்தமாக வாங்கி ஒரு மாதம் வைக்கிறவர்களுக்கும், எலித் தொல்லை உள்ளவர்களுக்கும்தான் மரப்பெட்டி உண்மையில் தேவை. எலி இருந்தால் இரண்டு பெட்டிக்கும் அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் கம்பிவலை அடியுங்கள், வெங்காயக் கூட்டுக்கு அதே வலையில் ஒரு மூடியும் போடுங்கள்.

கடப்பா மேடைக்கு அடியில் வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பம் வீசும் பக்கத்தைத் தவிருங்கள். இணைப்புகளின் இடுக்கில் கரப்பான் முட்டைக்கூடு ஒட்டிவைக்கும். மரத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவான புகார் இதுதான். அதனால் அடி ரீப்பர்களை மட்டும் ஆணிக்குப் பதில் திருகாணியில் பொருத்துங்கள், வலை அடித்தாலும் அப்படியே. மாதம் ஒருமுறை கழற்றி, சருகைத் தட்டி, ஒரு பகல் வெயிலில் போட்டு எடுத்தால் அந்தப் புகாருக்கு வேலை இருக்காது.