சி.ஐ.ஏ.வின் மின்னணு வாசிப்பறை: ஒரு மதிப்புரை

அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. தன் இணையதளத்தில் நடத்தும் மின்னணு வாசிப்பறைக்குக் கட்டணம் இல்லை. பெயரைப் பதிவு செய்யவும் தேவையில்லை. 25 ஆண்டுகளைக் கடந்து இரகசியம் நீக்கப்பட்ட கோப்புகளின் தொகுப்பான 'கிரெஸ்ட்', ஏறத்தாழ 9,30,000 ஆவணங்களும் 1.2 கோடிக்கு மேற்பட்ட பக்கங்களுமாக அங்கே கிடைக்கிறது. பனிப்போர்க் கால வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இது அந்நிறுவனம் மனமுவந்து அளித்த கொடை அல்ல.

2017 ஜனவரி வரை இதே ஆவணங்களைத் தேட வேண்டுமானால், மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் சென்று, அங்கிருந்த நான்கு கணினிகளில் ஒன்றின் முன் காலை 9 மணி முதல் மாலை 4.30 மணிக்குள் உட்கார வேண்டியிருந்தது. பெயரளவில் வெளியிடப்பட்டு, நடைமுறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த இத்தொகுப்பைக் கேட்டு, அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெற்று வெளியிடும் மக்ராக் என்ற அமைப்பு, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் 2014இல் வழக்குத் தொடுத்தது. ஆவணங்களைத் தர முதலில் 28 ஆண்டுகள் ஆகும் என்று கூறிய சி.ஐ.ஏ., பிறகு ஆறு ஆண்டுகள் என்று இறங்கி வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் ஆய்வாளர் பொதுமக்களிடம் நிதி திரட்டி, அக்கணினிகளிலிருந்து பக்கம் பக்கமாக அச்சிட்டு, மீண்டும் வருடி இணையத்தில் ஏற்றத் தொடங்கினார். 2017 ஜனவரி 17 அன்று தொகுப்பு இணையத்துக்கு வந்துவிட்டது. 28 ஆண்டு வேலை மூன்றாண்டுக்குள் எப்படி முடிந்தது என்பதை சி.ஐ.ஏ.தான் விளக்க வேண்டும்.

அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டப்படி 20 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். கெடு தவறினால் விண்ணப்பதாரர் நேரடியாக நீதிமன்றம் செல்லலாம். இழுத்தடிப்பது சி.ஐ.ஏ. மட்டுமல்ல. ஓர் ஆவணப்பட இயக்குநர் கேட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை மாதம் 500 பக்கம் வீதம் 17 ஆண்டுகளில் தருவதாக உள்நாட்டுப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. சொன்னபோது, நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2017இல் மாதம் 2,850 பக்கம் தரும்படி உத்தரவிட்டார்.

இனி உள்ளடக்கம். மனசக்தியால் கரண்டியை வளைப்பதாகக் கூறிக்கொண்ட யூரி கெல்லரின் 'அதீத சக்தி'யைச் சோதித்த 1973ஆம் ஆண்டுக் குறிப்புகளும், செவ்வாய்க் கிரகத்தை மனக்கண்ணால் பார்க்க முயன்ற 1984ஆம் ஆண்டு அமர்வின் பதிவும் இங்கே உண்டு. அரசுப் பணம் இப்படியும் செலவாகியிருக்கிறது. அதைவிடப் பயனுள்ளவை நாடுவாரியான மதிப்பீட்டு அறிக்கைகள். பல பக்கங்களில் வரிகள் அழிக்கப்பட்டு வெற்றிடமாக நிற்கும். ஓரத்தில் '25எக்ஸ்1' என்ற குறி இருந்தால், 25 ஆண்டுகள் கடந்தால் இரகசியம் நீங்கும் என்ற விதியிலிருந்தும் அப்பகுதிக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது என்று பொருள். முழுமையான உண்மையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

பழைய தட்டச்சுப் பிரதிகளின் மங்கிய எழுத்துகளைக் கணினி தவறாகப் படித்திருக்கக்கூடும் என்பதால், சொல்லை மட்டும் நம்பித் தேடுவது போதாது. ஆவண எண்ணின் முற்பகுதி ஒன்றாக உள்ளவை ஒரே கோப்புத் தொகுதியைச் சேர்ந்தவை. பயனுள்ள ஓர் ஆவணம் சிக்கினால் அந்த எண்ணைக் கொண்டு அதன் அண்டை ஆவணங்களையும் பார்த்துவிடலாம். நம் பகுதியைப் பற்றித் தேடுவோர் அக்காலப் பெயர்களையே ஆங்கிலத்தில் இட வேண்டும்: சென்னைக்கு மெட்ராஸ், 1972க்கு முந்தைய இலங்கைக்கு சிலோன்.